தாயும் சேயும் நலம்

2014 ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து ‘தாயும் சேயும் நலம்’ என்று உறவுக்காரர்கள் முப்பது பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். என் தங்கைக்கு அது இரண்டாவது பிரசவம். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. நான் அந்தச் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தபோது தங்கை இன்னும் மயக்கம் தெளியாமல் இருந்தாள். அதற்குச் சற்று முன்புதான் ஒரு நர்ஸ் வெளியே வந்து, எஃகுத் தட்டில் துணி மூடிக் கொண்டுவந்த அவளுடைய கர்ப்பப்பையை என்னிடம் காட்டிவிட்டுப் போயிருந்தார். எடுத்த உறுப்பைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது வழக்கமாம். சொந்தக்காரர் என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு நான் எளிதாகப் பயன்படுத்துவதில்லை.

அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. தாய் உயிரோடு இருந்தாள், சேய் அழுதுகொண்டிருந்தது. இரண்டு உயிரும் பிழைத்தால் அந்த வாக்கியம் செல்லும். அதற்கு மேல் எதையும் சொல்லும் பொறுப்பு அந்த வாக்கியத்துக்குக் கிடையாது.

நடந்தது இதுதான். குழந்தையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தியேட்டர் கதவு திறந்தது. “புருஷன் யாருங்க?” என்று கேட்டார்கள். தங்கையின் கணவர் ரத்தத்துக்காக ரத்த வங்கிக்கு ஓடியிருந்தார். அம்மாவுக்குக் கை நடுங்கியது. “நான் அக்கா” என்றேன். “பிளீடிங் நிக்கல, கர்ப்பப்பையை எடுத்தாத்தான் காப்பாத்த முடியும், இங்க சைன் பண்ணுங்க” என்று ஒரு தாளை நீட்டினார்கள். தாள் முழுக்க ஆங்கிலம். படிக்கத் தெரியும், படிக்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு நானூறு பக்கம் எழுதியவள், வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.

நாற்பது நாள் கழிந்து, குழந்தைக்குப் பெயர் வைத்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, துணி மடித்துக்கொண்டே தங்கை கேட்டாள். “அக்கா, நீதான சைன் போட்ட?” ஆமாம் என்றேன். “எனக்கு முதுகுல ஊசிதான் போட்டிருந்தாங்க. முழிச்சுத்தான் இருந்தேன். நஞ்சு வரமாட்டேங்குதுன்னு டாக்டரம்மா சொன்னது, பிளட் இன்னும் வரலையான்னு கேட்டது, வெளிய சைன் வாங்கிட்டு வாங்கன்னது, எல்லாம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் மூஞ்சில மாஸ்க் வச்சாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“சரின்னுதான் சொல்லியிருப்பேன். வேற என்ன சொல்ல?”

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பதிலோடு நான் நடத்தும் வழக்கு. பதில் ‘சரி’தான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்போது, கேட்பதால் என்ன ஆகிவிடும்? மருத்துவ அறம் படிப்பவர்கள் இதை வேறு பெயரில் விவாதிப்பார்கள். எனக்கு நினைவுக்கு வருவது பத்திரப் பதிவு அலுவலகம். அப்பா வீட்டை அண்ணன் பேருக்கு மாற்றும்போது நாங்கள் இரண்டு பெண்களும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் மறுக்கப்போவதில்லை என்று அண்ணனுக்குத் தெரியும், சார்பதிவாளருக்கும் தெரியும். இருந்தாலும் எங்களை நேரில் வரவழைத்து, படம் பிடித்து, ரேகை உருட்டி, “சம்மதம்தானேம்மா?” என்று கேட்டார்கள். ஏனென்றால் கேட்காமல் போனால் அது கொடுத்ததாகாது. நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையாவது எங்களுக்கு மிஞ்சியது. ஒன்றரை சென்ட் நிலத்துக்கு இருக்கும் அந்த மரியாதை, விழித்துக்கொண்டு படுத்திருந்த ஒருத்தியின் வயிற்றுக்கு இல்லை.

ஆனால் இவ்வளவு எளிதாக எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்த அறைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகு மாதக்கணக்கில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. பிரசவமான பெண்கள் பிழைத்திருப்பதே அந்த இறுக்கத்தால்தான். சில நேரம் தசை இறுகாது, தொளதொளவென்று கிடக்கும். சில நேரம் பழைய தையல் கிழியும். என் தங்கைக்கு நடந்தது மூன்றாவது வகை. நஞ்சு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், முதல் சிசேரியனின் தழும்புக்கு மேலேயே வேர்விட்டு, தசைக்குள் புதைந்திருந்தது. அதைப் பிரிக்க முயன்றால் ரத்தம் பீறிடும். உடம்பில் இருக்கும் ஐந்தாறு லிட்டரும் போவதற்கு அதிக நேரம் ஆகாது. மருந்து கொடுத்து, அழுத்திப் பிடித்து, தைத்துப் பார்த்து, எதுவும் பலிக்காதபோது கர்ப்பப்பையை எடுப்பார்கள். அது கடைசி வழி. தாமதமாக எடுத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

(நஞ்சு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். பத்து மாதம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய உறுப்புக்கு விஷத்தின் பெயர். வெளியே வராமல் உள்ளே தங்கினால் உயிரை எடுக்கும் என்று கண்ட மருத்துவச்சிகளின் பயம் அதில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். என் ஊகம்தான்.)

எனவே அந்த மருத்துவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்தது சரி. கோபம் வெளியே நீட்டப்பட்ட தாளின் மீது. உயிர் போகும் நிலை என்றால் யாருடைய கையெழுத்தும் இல்லாமலே மருத்துவர் செய்யலாம். உயிர் போகும் நிலை இல்லை என்றால் அவளுடைய சம்மதம் மட்டும்தான் செல்லும். இரண்டு நிலையிலும் கணவனுக்கோ அக்காவுக்கோ அங்கே வேலை இல்லை.

இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சமீரா கோலி என்ற டெல்லிப் பெண்ணின் வழக்கில் 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு அது. திருமணம் ஆகாத 44 வயதுப் பெண். வயிற்றுக்குள் கருவிவிட்டுப் பார்ப்பதற்காக 1995இல் மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே வந்து வயதான தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருத்திக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டும், அவள் விழிக்கும்வரை காத்திருக்க வழியில்லை என்றால் மட்டும் விலக்கு உண்டு. அந்த வழக்கில் அப்படிப்பட்ட அவசரம் இல்லை. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். தொகையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் தீர்ப்பின் அந்த ஒரு வரிக் கருத்தை ஒவ்வொரு பிரசவ அறை வாசலிலும் எழுதி ஒட்டலாம்.

அப்படியென்றால் வெளியே வாங்கும் கையெழுத்து எதற்கு? ‘எங்களைக் கேட்காம எடுத்துட்டீங்க’ என்று நாளை கணவன் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்ற பயத்துக்கு. கர்ப்பப்பை அவளுக்குள் இருந்தாலும் அதற்குக் கணக்குக் கேட்கக்கூடியவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற அனுமானத்துக்கு. நான் அந்த அனுமானத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

விழித்திருப்பவளிடம் கேட்க இருபது நொடி போதும். “ரத்தம் நிற்கலம்மா, உன் உயிருக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப் போறேன், புரியுதா?” வெளியே ஆளைத் தேடி, தாளை நீட்டி, பேனா கொடுத்த நேரத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கலாம். அவள் அலறியிருக்கலாம், அழுதிருக்கலாம், பதிலே சொல்லாமல் இருந்திருக்கலாம். மருத்துவர் எப்படியும் எடுத்திருப்பார். அப்போதும் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கும். சம்மதம் பெற நேரமில்லாத இடத்திலும் தகவல் சொல்ல நேரம் இருக்கலாம் என்பதை நம் ஆஸ்பத்திரிகள் யோசிப்பதே இல்லை.

இந்த அறுவை முதன்முதலில் வெற்றி பெற்ற கதையும் இப்படித்தான். இத்தாலியின் பவியா நகரில் 1876 மே மாதம் எதுவார்தோ போர்ரோ என்ற மருத்துவர், யூலியா கவல்லினி என்ற 25 வயதுப் பெண்ணுக்குச் சிசேரியன் செய்து, கூடவே கர்ப்பப்பையையும் நீக்கினார். தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். அதுவரை சிசேரியன் என்றால் தாய்க்கு ஏறக்குறைய மரண தண்டனை; அறுத்த கர்ப்பப்பையைத் தைக்கும் பழக்கமே பரவலாக இல்லை. 1882இல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மானியர் கர்ப்பப்பைச் சுவரைத் தைத்து மூடும் முறையை நிலைநாட்டிய பிறகுதான் எடுக்காமலே காப்பாற்ற வழி பிறந்தது. யூலியாவின் சிதைந்த இடுப்பெலும்பு வரலாற்றில் இருக்கிறது. அறுவை முறைக்கு நின்ற பெயர் போர்ரோவுடையது.

அவசரத்தின் உச்சியில் கேட்க முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எப்போது கேட்டிருக்கலாம்? எட்டு மாதம் முன்பு கேட்டிருக்கலாம். நான்கு வருடம் முன்பே கேட்டிருக்கலாம்.

2010இல் தங்கையின் முதல் பிரசவம். கொடி சுற்றியிருக்கிறது, தண்ணீர் குறைவாக இருக்கிறது என்றார்கள். எப்படியும் அறுக்கத்தான் போகிறார்கள் என்றதும் அம்மா ஜோசியரிடம் போய் நல்ல நேரம் குறித்து வந்தார். காலை 9.10இலிருந்து 10.20க்குள். அறுத்தார்கள், எல்லாம் நன்றாக முடிந்தது. அந்தத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்யக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கும் அளவுக்கு எங்களுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்று வந்தது. “வெயிட் தூக்காத, ரெஸ்ட் எடு” என்றார்கள். அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நஞ்சு கீழே அமைந்த பெண்களில் அது தசைக்குள் ஒட்டிப் புதையும் வாய்ப்பு முதல் சிசேரியனின்போது 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. என் தங்கை இரண்டாவதில் இருந்தாள். ஒன்பது பேரில் ஒருத்தி. அவள் கையில் இருந்த ஸ்கேன் தாளுக்குள் அந்த எண் ஒளிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் ரத்தம் முன்பே தயாராக இருந்திருக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். நஞ்சைப் பிரிக்கவே முயலாமல் திட்டமிட்டு எடுப்பது, ரத்தம் பீறிட்ட பிறகு ஓடி எடுப்பதைவிடப் பாதுகாப்பானது என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்போதும் கர்ப்பப்பை போயிருக்கலாம். அவள் முன்பே அறிந்து, அழுது, தயாராகிப் போயிருப்பாள்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்கும் சராசரி 21.5. இந்த எண்களை வைத்துக்கொண்டு சிசேரியனே சூழ்ச்சி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறுக்க வசதியில்லாத ஊர்களில் பெண்கள் செத்தார்கள். என் பாட்டியின் அக்கா அப்படித்தான் போனார். ஆனால் முதல் வெட்டு என்பது அடுத்தடுத்த கர்ப்பங்களின் மீதும் போடும் வெட்டு என்பதை, வெட்டப்படுகிறவளுக்குச் சொல்லாமல் செய்வது என்ன நியாயம்? அந்த நேரத்தில் அவசரம்கூட இல்லையே. ஜோசியரைப் பார்க்க நேரம் இருந்ததே.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். மருத்துவர்கள் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்று சொல்வார்கள்: முந்தைய சிசேரியன், கீழே அமைந்த நஞ்சு, கூடிய வயது, பல பிரசவம், இரட்டைக் குழந்தை, முன்பு கர்ப்பப்பையைச் சுரண்டியது, கட்டி எடுத்தது. மருத்துவரின் வாயில் அது முன்னெச்சரிக்கை. அது வீட்டுக்கு வரும்போது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. ‘அப்பவே வலி தாங்கிப் பெத்திருக்கலாம்’, ‘முப்பது வயசுக்கு மேல எதுக்கு ரெண்டாவது’, ‘ஒரு தடவை கலைச்சவதான’. இதே வார்த்தைகளை என் வீட்டிலேயே கேட்டேன். அவற்றில் ஒன்று என் வாயிலிருந்து வந்தது. எது என்று இங்கே எழுத எனக்குத் துணிவில்லை.

பிரிட்டனில் நாடு தழுவி எடுத்த கணக்கில் 10,000 பிரசவங்களில் நான்கு பேருக்கு இப்படிக் கர்ப்பப்பை எடுக்க நேர்ந்திருக்கிறது. அரிதுதான். ஆனால் ஊரில் இது நேர்ந்த பெண்களைப் பற்றிப் பேசும் மொழியைக் கவனியுங்கள். ‘எடுத்துட்டாங்க’ என்போம், இலக்கணத்தில் அது தோன்றா எழுவாய், எடுத்தவர் யாரென்று வாக்கியத்தில் இராது. கொஞ்ச நாள் கழித்து அவளே ‘கர்ப்பப்பை எடுத்தவ’ ஆகிவிடுவாள். இப்போது எடுத்தவள் அவள். மயக்கத்தில் கிடந்தவளை இரண்டே சொல்லில் செயலுக்குப் பொறுப்பாளியாக்கிவிடுகிறது தமிழ்.

தங்கைக்கு அதிகம் கிடைத்த ஆறுதல் இது: “ரெண்டு பிள்ளை ஆச்சு. எப்படியும் குடும்பக் கட்டுப்பாடு பண்ணத்தான போற. இனி அது இருந்தா என்ன, போனா என்ன?” சொன்னவர்கள் அன்போடு சொன்னார்கள். அவளுடைய மாமியார் உண்மையிலேயே நல்லவர், ஐந்து மாதம் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார். அவரும் இதைத்தான் சொன்னார். இந்த வாதத்தின் வேர் ஆழமானது. பெறுவதைத் தாயின் கடனாக வைக்கும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கடன் தீர்ந்த பிறகு கருவி எதற்கு என்று கேட்பது அடுத்த படி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இள வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளியாகி நாடே பேசியது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம், பிள்ளை பெற்றாயிற்று, பிறகு ஏன் சுமக்க வேண்டும்? அங்கே அவசரம் ஏதும் இல்லை. பயன் முடிந்தது என்ற அதே கணக்குதான் கூலிக்காரர் வாயிலும் பாசக்காரர் வாயிலும்.

தங்கை துக்கப்பட்டது மூன்றாவது பிள்ளைக்காக அல்ல. அவளுக்கு மூன்றாவது வேண்டாம். “எனக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சுது” என்றாள். அதைச் சொல்லி அழ ஆரம்பித்தால், “உசுரு பொழைச்சதே பெரிசு, சாமிக்கு நன்றி சொல்லு” என்று அடக்கிவிடுவார்கள். அவளும் நன்றியோடுதான் இருந்தாள். காப்பாற்றப்பட்டவள் இழந்ததைப் பற்றிப் பேசினால் காப்பாற்றியவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம். கை போய் உயிர் பிழைத்தவனிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. கைக்காக அவன் அழலாம்.

பேசாததால் வந்த பயங்கள் வேறு. ஒரு வருடத்துக்குள் கிழவியாகிவிடுவேன், மீசை முளைக்கும், குரல் மாறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பிக்கொண்டு மூன்று மாதம் தூங்காமல் இருந்திருக்கிறாள். இந்த அறுவையில் பெரும்பாலும் சூலகங்களை விட்டுவிடுவார்கள். அவை இருக்கும்வரை ஹார்மோன் சுரக்கும். மாதவிலக்கு நிற்கும், ஆனால் அதனால் மாதவிடாய் முடிவுக்காலம் அன்றே வந்துவிடாது. கர்ப்பப்பை வாய் மிச்சம் இருக்கிறதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனை தொடர்ந்து தேவை. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். டிஸ்சார்ஜ் தாளில் இவை எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்தன, வீட்டு பீரோவில் பூட்டி.

கர்ப்பப்பையைக் காக்கச் சிலர் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்காவில் சயீபா அக்தர் என்ற மகப்பேறு மருத்துவர், ஆணுறையை ரப்பர்க் குழாயில் கட்டி, கர்ப்பப்பைக்குள் செலுத்தி, உப்புநீரால் ஊதவைத்து ரத்தத்தை அடக்கும் முறையை உருவாக்கி 2003இல் வெளியிட்டார். விலை உயர்ந்த பலூனுக்கு வழியில்லாத ஊர்களுக்குச் சில ரூபாய் தீர்வு. 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்துச் சிந்தும் ரத்தத்தை அளந்து, சிகிச்சைகளை ஒன்றாக உடனே தொடங்கினால் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைவதைக் காட்டியது. கண்ணால் பார்த்து ‘கொஞ்சம்தான் போயிருக்கு’ என்று சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலம் போயிருக்கிறது.

சென்ற ஆண்டு என் முதுகலை மாணவி ஒருத்தி விடுப்புக் கேட்டு வந்தாள். இரண்டாவது கர்ப்பம், முதலாவது சிசேரியன். “நஞ்சு எங்க இருக்குன்னு சொன்னாங்களா?” என்று கேட்டேன். மேடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று விழித்தாள். உட்காரவைத்துச் சொன்னேன்: நஞ்சு தழும்பின் மேல் இருக்கிறதா, ரத்தம் எத்தனை யூனிட் தயாராக இருக்கும், எடுக்க நேர்ந்தால் விழித்திருக்கும்போது என்னிடமே சொல்வீர்களா. வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு நஞ்சு மேலேதான் இருந்தது. “டாக்டர் சிரிச்சாங்க மேடம், யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தான்னு” என்றாள். சிரித்துவிட்டுப் பதில் சொன்னாராம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் தங்கைக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஃபோன் செய்தாள். ரத்தம் ஆறு யூனிட் ஏற்றியதாக முதலில் எழுதியிருந்தேன்; ஏழு, அந்த இடத்தையே எடுத்துவிடு என்றாள், எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்றாள். பிறகு, “அந்தத் தட்டுல காட்டினாங்கன்னு எழுதியிருக்கியே, அதை நீ இத்தனை வருஷம் எனக்குச் சொல்லவே இல்லையேக்கா” என்றாள். எப்படி இருந்தது, எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். சொன்னேன்.